சீனச்சட்டியில் ஒரு சனிக்கிழமை

பி.காம். படித்தவனுக்குச் சமையல் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லவில்லை. பற்று எது, வரவு எது என்று தெரிந்தால் போதும். அந்தப் பற்று வரவுதான் போன மாதம் ஒரு சனிக்கிழமை என்னை அடுப்படியில் கொண்டுபோய் நிறுத்தியது.

விஷயம் இதுதான். என் மகளுக்கு ஒன்பதாவது பிறந்த நாள். சைக்கிள், கொலுசு என்றெல்லாம் கேட்காத தங்கமான பெண். ‘கோபி இன் கார்லிக் சாஸ்’ வேண்டும் என்றாள். அவ்வளவுதான். ஆனால் அதை மெயின் ரோட்டு ஏ.சி. ஹோட்டலில், சிவப்பு விளக்குக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றாள்.

மனசுக்குள் ஒரு எஸ்டிமேட் போட்டேன். நான்கு பேர். சூப், நூடுல்ஸ், மேற்படி கோபி, முடிவில் ஐஸ்க்ரீம், ஐந்து சதவீத ஜி.எஸ்.டி., கதவைத் திறந்துவிடுகிறவருக்கு இருபது ரூபாய். எப்படி இழுத்துப் பிடித்தாலும் 1,800-க்குக் கீழே இறங்க மறுத்தது. என் வங்கிக் கணக்கில் இருந்தது 2,140.

அடியேன் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன். (‘ஃப்ரீ’ என்ற பாதியை மட்டும் சிலர் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள்.) எழுதிக் கொடுத்து மூன்று மாதம் ஆன ஒரு வேலைக்கு, போன் செய்யும்போதெல்லாம் “அடுத்த வாரம் போட்டுடறோம் சார்” என்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் இதற்கு ‘வர வேண்டிய கடன்’ என்று பெயர். அதைச் சொத்துப் பக்கத்தில்தான் எழுத வேண்டும். அதை வைத்துக்கொண்டு காலிஃபிளவர் வாங்க முடியாது.

மனைவி மாதச் சம்பளக்காரி. கேட்டால் கொடுப்பாள். கேட்கும்போது நம் முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்பதுதான் பிரச்னை.

“வீட்டுலயே பண்ணிடலாம்டா கண்ணு” என்றேன்.

“யாரு, அம்மாவா?”

“நான்.”

மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்பா, அது சைனீஸ்ப்பா” என்றாள், நான் ஏதோ ராக்கெட் விடப் போவது போல.

சைனீஸாமே! எதையும் எழுதுவதற்கு முன் நாலு விஷயம் படித்து வைத்துக்கொள்வது என் தொழில். சமைப்பதற்கு முன்பும் அதே புத்தி. படித்ததில் தெரிந்தது, நாம் தின்னும் ‘சைனீஸ்’ சீனாவிலிருந்து நேராக வந்ததில்லை. கல்கத்தா வழியாக வந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஆச்சியூ என்ற சீனர் கல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளிக் கரையில் கரும்பு ஆலை வைத்தார். அந்த ஊருக்கு இன்றைக்கும் ஆச்சிபூர் என்றுதான் பெயர். பிற்பாடு வந்த ஹக்கா சீனர்கள் டாங்ரா பகுதியில் தோல் பதனிட்டார்கள். அங்கேயே சாப்பாட்டுக் கடைகளும் வைத்தார்கள். 1962 யுத்தம் வந்தபோது, இங்கேயே பிறந்து வளர்ந்த சீனக் குடும்பங்களைக்கூட ரயிலேற்றி, ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்து வைத்தோம். அவர்கள் சமையலை மட்டும் விடவில்லை, தட்டு போட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தோம்.

கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்பவர் 1975-ல் பம்பாயில், நம்மூர் பாணியில் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாயை வதக்கிக்கொண்டு, கரம் மசாலா போட வேண்டிய இடத்தில் சோயா சாஸை ஊற்றி, கார்ன்ஃப்ளாரில் கெட்டியாக்கினாராம். அதுதான் சிக்கன் மஞ்சூரியன். மஞ்சூரியாவில் போய்க் கேட்டால் முழிப்பார்கள்.

சீனாவிலும் இந்தக் கூத்து உண்டு. சிச்சுவான் மாகாணத்தில் ‘யூ ஷியாங்’ என்று ஒரு சாஸ். ‘மீன் வாசனை’ என்று அர்த்தம். மீன் ஒரு துண்டு கிடையாது! பூண்டு, இஞ்சி, ஊறுகாய் போட்ட மிளகாய், வினிகர், சர்க்கரை. மீன் சமைக்கும்போது போடுகிற சாமான்கள் என்பதால் அந்தப் பெயர் வந்ததாம். அமெரிக்காவில் சீனக் கடைகள் இதைத்தான் ‘கார்லிக் சாஸ்’ என்று விற்கின்றன. ஆக, என் மகளின் பிறந்த நாள் பலகாரத்துக்கு உறவினர் உலகம் பூராவும் இருக்கிறார்கள். சமைக்கத்தான் ஆள் இல்லை.

கடைக்குப் போனேன். சோயா சாஸ், வினிகர், வெங்காயத்தாள் எல்லாம் சுலபமாகக் கிடைத்தன. “கார்ன்ஃப்ளார்” என்றேன். பையன் ஒரு பாக்கெட்டைக் கொடுத்தான். மஞ்சளாக, அழகாக இருந்தது. அது மக்காச்சோளத்தை அப்படியே அரைத்த மாவு என்பதும், சாஸுக்கு வேண்டியது சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெள்ளை வெளேர் ஸ்டார்ச் என்பதும் பின்னால்தான் தெரிய வந்தது. எப்படித் தெரிந்தது என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

பூண்டு விலை கேட்டபோது லேசாகத் தலை சுற்றியது. 2024-ல் கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது நாங்கள் பூண்டை நகை மாதிரி கிராம் கணக்கில் வாங்கியவர்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. உலகத்திலேயே மிக அதிகமாகப் பூண்டு விளைவிப்பது சீனாதான். ஆனால் நோய்க் கிருமி பயத்தால் 2014-லிருந்து சீனப் பூண்டுக்கு இங்கே தடை. சீன சாஸுக்கு சீனப் பூண்டு ஆகாது! இரண்டு முழுப் பூண்டு வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

சனிக்கிழமை பதினோரு மணி. மனைவிக்கு ஆபீஸ் உண்டு. மகள் பாட்டு கிளாஸ். ஹாலில் அம்மா மட்டும், ஜன்னல் பக்கத்து நாற்காலியில்.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எங்களுக்குச் சங்கரன்கோவில் பக்கம். 2021-ல் அப்பா போன பிறகு ஒரு வருஷம் தனியாகவே இருந்து பார்த்துவிட்டு, அதற்கு மேல் முடியாமல் எங்களோடு வந்துவிட்டாள். வந்த மூன்றாம் நாள் காலையில் அடுப்படிக்குள் போய்ப் புளியை ஊறப் போட்டாள். என் மனைவி பதறிப்போய் ஓடி வந்து, “அத்தை, நீங்க எதுக்கு கஷ்டப்படறீங்க? இத்தனை வருஷம் உழைச்சது போதாதா? உக்காருங்க, நான் பாத்துக்கறேன்” என்று கையைப் பிடித்து அழைத்து வந்து, இதே நாற்காலியில் உட்கார வைத்தாள். பிரியமாகத்தான் செய்தாள். சத்தியமாகப் பிரியம்தான். அம்மாவும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் எழுந்திருக்கவேயில்லை.

தன் தட்டைத் தானே கழுவி வைப்பாள். “டி.வி. போடட்டுமா?” என்று கேட்டுவிட்டுப் போடுவாள். துண்டை நாலாக மடித்துத் தன் பெட்டி மேலேயே வைத்துக்கொள்வாள், எந்த நேரமும் ஊருக்குக் கிளம்புகிற மாதிரி. எனக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை என்று சொன்னால் பொய். பட்டது. வயசான காலத்தில் ஓய்வாக இருக்கிறாள் என்று அதற்கு ஒரு தலைப்புக் கொடுத்து ஃபைலை மூடிவிட்டேன்.

பூண்டுக்கு வருவோம்.

செல்போனைக் குக்கர் மேல் சாய்த்து வைத்து வீடியோவைப் போட்டேன். அதில் ஒருவர் வாணலியைப் புகை பறக்கக் காய வைத்து, பூண்டைக் கொட்டி, குலுக்கி, தூக்கிப் போட்டுப் பிடித்து, தீப்பிழம்புக்கு நடுவே நின்று சிரித்தார். ‘ஹை ஃப்ளேம்!’ என்றார். சரி என்று நானும் எங்கள் அடுப்பை முழுசாகத் திருகினேன். பூண்டை உரிப்பதற்கே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. (நகக்கண் எரிந்தது தனிக் கதை.) பொடியாக நறுக்கியதை அப்படியே கொட்டினேன்.

ஐந்து விநாடி வெள்ளை. அடுத்த ஐந்து விநாடி பொன்னிறம். நான் செல்போனில் அடுத்தது என்ன என்று எட்டிப் பார்த்துத் திரும்பினேன். கறுப்பு!

பூண்டில் தண்ணீர் குறைவு, மாவும் இனிப்புமாகச் சத்து அதிகம். அதனால் வெங்காயம் மாதிரி நிதானமாக வதங்காது, சட்டென்று சிவந்து உடனே தீய்ந்துவிடும். தீய்ந்தால் கசப்பு. அந்த ஹோட்டல்காரர் கை ஒரு நொடி நிற்கவில்லை, சட்டி ஒரு நொடி அடுப்பில் உட்காரவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. தீயைத்தான் கவனித்தேன். விட்டேனா? அதன் மேலேயே சோயாவை ஊற்றி, மஞ்சள் மாவைக் கரைத்து ஊற்றினேன். வந்தது கம்பங்கூழுக்குத் தம்பி மாதிரி ஒரு வஸ்து. ருசி, கஷாயத்துக்கு அண்ணன்.

புகை ஹாலுக்குப் போயிருக்க வேண்டும். இருமல் சத்தம் கேட்டது. திரும்பினால் வாசற்படிக்கு வெளியே அம்மா.

“என்னய்யா செய்யுத?”

“கார்லிக் சாஸ்ம்மா.”

“பூண்டு கருகிட்டுல்லா.”

“தெரியுதும்மா.”

அம்மா சட்டியை எட்டிப் பார்த்தாள். கால் மட்டும் நிலைப்படியைத் தாண்டவில்லை. அப்புறம் கேட்டாள்:

“உள்ள வரட்டுமாய்யா?”

என் வீட்டு அடுப்படிக்குள் வருவதற்கு என் அம்மா என்னிடம் அனுமதி கேட்டாள். கையில் கரண்டியோடு நின்றேன். என்ன பதில் சொன்னேன் என்று இப்போது யோசித்தாலும் ஞாபகமில்லை. “வாம்மா” என்றுதான் சொல்லியிருப்பேன். கண் எரிந்ததற்குப் பூண்டுப் புகையைக் காரணம் காட்டலாம். காட்டிவிடுகிறேன்.

வந்தவள் முதல் காரியமாக ஜன்னலைத் திறந்தாள். இரண்டாவதாக, செல்போனைப் படுக்கப் போட்டாள். மூன்றாவதாக, மிச்சமிருந்த ஒரு பூண்டை எடுத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து. பல்லெல்லாம் தனித்தனியாக உதிர்ந்தன. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டாள். “நீ போயி சரியான மாவு வாங்கிட்டு வா. இது வேண்டாம், இதுல நாளைக்குத் தோசை ஊத்திக்கிடலாம்” என்றாள். நான் வெள்ளை மாவோடு திரும்பி வந்தபோது இருபது பல்லும் உரித்து, கிண்ணத்தில் முத்து மாதிரி கிடந்தன.

“பூண்டை நறுக்கணுமா, முழுசாப் போடணுமா?”

“நறுக்கணும்மா.”

“நறுக்குனா வாடை தூக்குமே. கொழம்புக்கு முழுசால்லா போடுவோம்.”

இதை ஒரு விஞ்ஞானி சொன்னால் ‘அல்லிசின்’ என்பார். முழுப் பல்லில் அந்தக் காரநெடி கிடையாது. நறுக்கும்போதும் நசுக்கும்போதும் உள்ளே தனித்தனியாக இருக்கும் இரண்டு சரக்குகள் சந்தித்துக்கொள்வதால்தான் அது உண்டாகிறது. அதனால்தான் பூண்டுக் குழம்பில் வெந்த முழுப் பல் பஞ்சு மாதிரி, இனிப்பாக இருக்கிறது. அம்மா பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவள்.

“சீனச்சட்டி இல்லையா உங்கிட்ட?” என்றாள். எங்கள் பக்கம் வாணலிக்கு அதுதான் பெயர். சின்ன வயசிலிருந்து கேட்ட வார்த்தை. அதற்குள் ஒரு சீனா இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. சர்க்கரையைச் சீனி என்கிறோம், படிகாரத்தைச் சீனாக்காரம் என்கிறோம். சங்கரன்கோவில் அடுப்படியில் சீனா எப்போதோ வந்து குடியேறிவிட்டது. நான்தான் மெயின் ரோட்டு ஹோட்டலில் தேடிக்கொண்டிருந்தேன்.

சட்டி ஏறியது. மூன்று மேஜைக்கரண்டி எண்ணெய். அது காய்வதற்கு முன்பே, லேசாகச் சூடு ஏறும்போதே பூண்டைப் போட்டாள். சின்னத் தீ. கரண்டி நிற்கவில்லை. முதலில் பச்சை நெடி வந்தது. இரண்டு நிமிஷம் கழித்து அது போய், வேர்க்கடலை வறுபடுகிற மாதிரி ஒரு வாசனை. எனக்குப் பூண்டு இன்னும் வெள்ளையாகத்தான் தெரிந்தது.

“பாதியை எடுத்து வச்சிரு” என்றாள்.

“இன்னும் சிவக்கலையேம்மா?”

“எடுத்தப்புறமும் அது செவக்கும்யா. சூடு உள்ளதான இருக்கு. செவந்தப்புறம் எடுத்தா கசக்கும்.”

எடுத்து வைத்தேன். கிண்ணத்தில் கிடந்தபடியே அது பொன்னிறம் ஆனது. நான் பார்க்கப் பார்க்க! வீடியோக்காரர் பத்து லட்சம் பேருக்குச் சொல்லித் தராத விஷயம் இது.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஒரு துண்டு இஞ்சி, இரண்டு பச்சை மிளகாய், வெந்நீரில் ஊற வைத்து அரைத்த நான்கு வற்றல் விழுது. எண்ணெய் சிவந்து பிரிந்ததும் நான் சோயா சாஸ் பாட்டிலை எடுத்தேன். அம்மா வாங்கி மோந்து பார்த்தாள். விரல் நுனியில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தாள்.

“உப்புக் கரிக்கே! இதுக்கு மேல உப்புப் போட்றாத.” ஒரு மேஜைக்கரண்டிதான் விட்டாள். வினிகரைப் பார்த்து, “இது புளிக்குப் பதிலா?” “ஆமாம்மா.” ஒரு டீஸ்பூன். “சீனி எதுக்கு?” “அதுவும் உண்டும்மா, ஒரு டீஸ்பூன்.” “அதான பாத்தேன். காரக்கொழம்புக்குக் கடைசில கொஞ்சம் வெல்லம் போடுவோம்லா, அதேதான்.” ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விட்டாள்.

கடைசியாக கார்ன்ஃப்ளார். ஒரு மேஜைக்கரண்டியைக் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து வைத்திருந்தேன். நான் ஊற்றப் போனபோது கையைத் தடுத்தாள். “அடியில தங்கிருக்கும், கலக்கிட்டு ஊத்து.” பார்த்தால், மாவு பூராவும் சிமென்ட் மாதிரி அடியில் உட்கார்ந்திருந்தது. மேலே வெறும் தண்ணீர்.

“உனக்கு இதெல்லாம் எப்படிம்மா தெரியும்?”

“கொழம்பு நீத்துப்போச்சுன்னா அரிசி மாவக் கரைச்சு ஊத்துறதில்லையா? இதுல என்னய்யா சைனா இருக்கு?”

பால் மாதிரி ஊற்றியது இரண்டு கொதியில் கண்ணாடி மாதிரி தெளிந்து பளபளத்தது. கரண்டியில் ஒட்டுகிற பதத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே அடுப்பை அணைத்தாள். ஆறினால் இன்னும் இறுகுமாம். எடுத்து வைத்த பூண்டை மேலே தூவி, வெங்காயத்தாளைக் கிள்ளிப் போட்டோம். கோபியைப் பொரித்ததில் சொல்ல ஒன்றுமில்லை. அதை நான் கெடுக்கவில்லை, அவ்வளவே.

பொரித்துக்கொண்டிருக்கும்போது அம்மா தானாகச் சொன்னாள்: “உங்கப்பாவுக்குப் பூண்டுக் கொழம்புன்னா உசுரு. மறுநா வச்சுத் தின்பாக. அவுக போனப்புறம் நான் வைக்கவே இல்ல. யாருக்கு வைக்க?”

நாங்கள் மூன்று பேர் இருக்கிறோமே என்று சொல்ல வாய் வந்தது. ‘எங்கே வைக்க விட்டோம்’ என்று உடனே அடுத்த வரியும் வந்ததால் சும்மா இருந்துவிட்டேன்.

சாயங்காலம் கேக் வெட்டியாயிற்று. தட்டுகள் வந்தன. மகள் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, சமையல் போட்டி நீதிபதி மாதிரி மென்றாள். நான் சி.ஏ. ரிசல்ட் பார்க்கப் போனபோதுகூட அப்படி வேர்த்ததில்லை. (அந்த ரிசல்ட் என்ன ஆயிற்று என்பது நான் எழுத்தாளனாக இருப்பதிலிருந்தே தெரிந்திருக்கும்.)

“ஹோட்டல் மாதிரி இல்லப்பா” என்றாள்.

என் முகம் விழுந்தது.

“இது வேற மாதிரி. ஆச்சி, இன்னும் கொஞ்சம் சாஸ்.”

கவனித்தீர்களா? கரண்டி என் கையில் இருக்கிறது. கேட்டது ஆச்சியிடம். குழந்தைகளுக்கு ஆடிட்டிங் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் மனைவி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். அம்மா பரிமாறுவதை, குனிந்து மகளின் தட்டில் பூண்டைத் தேடி எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். ராத்திரி பாத்திரம் கழுவும்போது என்னிடம் மெதுவாக, “அத்தை இவ்ளோ பேசி நான் பார்த்ததே இல்லைங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நான்தான் உக்காருங்க உக்காருங்கன்னு சொல்லிட்டேனோ?” என்றாள். நான் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஈடு தீய்ந்த சட்டி. சுலபத்தில் போகவில்லை.

கணக்குப் பிரியர்களுக்காக: காலிஃபிளவர், பூண்டு, எண்ணெய், இதர சில்லறை எல்லாம் 190 ரூபாய். சோயா, வினிகர் பாட்டில்கள் வருஷக் கணக்கில் வரும் என்பதால் அவற்றை மூலதனச் செலவில் காட்டிவிட்டேன். மஞ்சள் மாவு மறுநாள் தோசையாகி நஷ்டம் நேர் செய்யப்பட்டது. அந்த மூன்று மாதப் பணம், இதை எழுதும் வரை வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தோசை வாசனைக்கு எழுந்து வந்தேன். என் மனைவி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள், வாசற்படிக்கு வெளியே. உள்ளே அம்மா. புளி ஊறிக்கொண்டிருந்தது.

“அத்தை, பூண்டுக் குழம்புக்கு எத்தனை பூண்டு உரிக்கணும்? நான் உரிக்கட்டுமா?”

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நீ எதுக்குத் தாயி கஷ்டப்படுத? வாரம் பூரா ஆபீஸ் ஆபீஸ்னு ஓடுத. போயி உக்காரு, நான் பாத்துக்கிடுதேன்.”